ஓட்டவாய்க்காரி

கேக்குதும்மா, கேக்குது. இரு, பாற மேல ஏறிக்கறேன். எங்க ஊருக்கு இந்த ஒரு பாறையிலதான் டவரு நிக்கும். ரவையூண்டு கீழ எறங்குனா உன் பேச்சுல பாதிதான் வரும், மீதி காத்துல போயிடும். ஏய்... த்தா... எங்க போற அங்க? மரவள்ளிக்குள்ள பூந்தன்னா கால ஒடிச்சிடுவேன். உன்ன இல்ல கண்ணு, ஆட்ட சொன்னேன். இப்ப சொல்லு.

ஆமா, வெள்ளச்சிதான் பேசறேன். வெற்றிசெல்வன் அம்மாதான். மிலிட்டரியில குடும்ப நலம் பாக்கற ஆபீஸா? சரி. மெடிக்கல் கார்டு புதுசா போடறீங்களா? சரி சரி. அவன் நம்பரு வேணுமா, எந்த ஊர்ல இருக்கான், எந்தப் பிரிவு, கூட யார் யாரு வேல செய்யறாங்க, எப்ப லீவுல வருவான்... ஏம்மா, கார்டு எனக்கா, அவன் கூட வேல செய்யறவங்களுக்கா? சிரிக்காத, சும்மா கேட்டேன். சொல்றேன், எல்லாத்தையும் சொல்றேன். எனக்கு இன்னா வேல? ஆடு மேயுது, நான் ஒக்காந்துக்கினு இருக்கேன். வயசு சின்னதா தெரியுது உன் கொரலு, அதான் நீன்னே கூப்புடறேன். கோச்சுக்காத.

மெய்யாலும் சொல்லணும்னா உங்கிட்ட நான் பேசவே கூடாது. எம்பையன் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கான். தெரியாத நம்பர்ல இருந்து யாராவது கூப்ட்டு என்னப் பத்தி ஒரு வார்த்த கேட்டாலும், தெரியாதுங்கன்னு சொல்லிட்டு கட் பண்ணிடும்மான்னு. அன்பா பேசுவாங்க, மெடிக்கலும்பாங்க, பென்சனும்பாங்க, உன் பையனுக்கு ஆக்சிடெண்ட் ஆயிடுச்சுன்னுகூட சொல்லுவாங்க, எதுக்கும் அசையாத, நீ வாயத் தொறந்தா என் வேல போயிடும்னான். அந்த மாதிரி வேல அவனுது. கம்ப்யூட்டர் படை.

பாத்தியா, அதையும் சொல்லிட்டேன். எங்க ஊர்ல எனக்கு ஓட்டவாய்க்காரின்னே பேரு. வெள்ளிமல சந்தையில ஒருத்திகிட்ட ஒரு சங்கதி சொல்லிட்டு வூட்டுக்கு வந்தா, அந்த சங்கதி எனக்கு முன்னாடி வந்து ஒக்காந்திருக்கும். அப்படி இருந்தவ நான். இப்ப பாரு, பேசறதுக்கு ஆடுதான் இருக்குது. நீ கூப்ட்டது நல்லதாப் போச்சு. உன் கொரலு நல்லா இருக்குதும்மா. எந்த ஊரு நீயி? சொல்ல மாட்டியா? சரி விடு. பேச்சப் பாத்தா மதுரப் பக்கம் மாதிரி தெரியுது.

எப்படி மிலிட்டரிக்குப் போனானா? எங்கள மாதிரி மலைமேல இருக்கற ஆளுங்க வூட்டுப் புள்ளைக்கு வேற இன்னா வழி? ஒண்ணு கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போவணும், இல்ல குடகுல காப்பித் தோட்டத்துக்குப் போவணும். அவங்கப்பா அப்படித்தான் பாதி ஆயுச போக்குனாரு. இவன் இங்க மலப் பள்ளிக்கூடத்துல படிச்சான், அப்பால கள்ளக்குறிச்சியில ஆஸ்டல்ல தங்கிக்கினு கம்ப்யூட்டர் படிச்சான். ஆளெடுப்பு நடக்குதுன்னு கேள்விப்பட்டு ஓடினான். மலையில ஏறி எறங்குன காலு, ஓட்டத்துல இவன யாரும் புடிக்க முடியல. மொதல்ல எல்லாரையும் போல துப்பாக்கி, பரேடு, ஒயர்லெஸ்ஸுன்னுதான் இருந்தான்.

அப்பால ஒருநாளு பெரிய ஆபீசருங்க வந்து பரீட்ச வெச்சாங்களாம். பூட்டுன கம்ப்யூட்டர் ஒண்ண நடு ரூமுல வெச்சிட்டு, இதத் தொறங்கடான்னாங்களாம். மத்த பசங்க எல்லாம் தட்டுதட்டுன்னு தட்டிக்கினே இருந்தாங்களாம். எம்பையன் அதுகிட்டயே போவல. அந்த ஆபீசருக்கு டீ கொண்டாந்து குடுக்கற ஆளுகிட்ட போயி, அண்ணே சாருக்கு கொழந்தைங்க எத்தினி, பேரு இன்னா, என்னிக்கு பொறந்தநாளு கொண்டாடுனீங்கன்னு நல்லா சிரிச்சு சிரிச்சுப் பேசிட்டு வந்து, அந்தப் பேரையும் தேதியையும் போட்டுத் தொறந்துட்டானாம். ஆபீசரு விழுந்து விழுந்து சிரிச்சிருக்காரு. கம்ப்யூட்டர்ல இருக்கற ஓட்டைய விட மனுசன் வாயில இருக்கற ஓட்டதான் ஜாஸ்தி, அது இவனுக்குப் புரிஞ்சிருக்குதுன்னு சொல்லி எடுத்துக்கினாராம். புரியாம இன்னா, எங்கூட வளந்தவன் இல்ல?

அங்க இன்னா செய்யறாங்கன்னா கேக்கற? இதெல்லாம் ஒண்ணும் பெரிய ரகசியம் இல்லமா, பேப்பர்லயே வருதாம். தரைக்கு ஒரு படை, கடலுக்கு ஒரு படை, ஆகாசத்துக்கு ஒரு படை இருக்குது இல்ல? அந்த மூணுலயும் ஆளு பொறுக்கி ஒரே எடத்துல ஒக்கார வெச்சிருக்காங்க. ஒக்கார வெச்சா ஆச்சா? இவுங்க பழக்கம் அவுங்களுக்கு ஆவாது, அவுங்க பேச்சு இவுங்களுக்குப் புடிக்காது, யாரு பெரியவங்க, யாரு உத்தரவு குடுக்கறதுன்னு கல்யாண வூட்ல சம்பந்திங்க மொறச்சுக்கற மாதிரி கொஞ்ச நாளு மொறச்சுக்கினு இருந்தாங்களாம். அப்பால ரெண்டு கும்பலா பிரிச்சு, ஒரு கும்பலு உள்ள பூந்து ஒடைக்கணும், ஒரு கும்பலு வுடாம காக்கணும்னு பழக்குனாங்களாம். காக்கற கும்பலுக்கு ஒரு தடவ ஏமாந்தா தோத்த கணக்கு, ஒடைக்கற கும்பலுக்கு ஒரு தடவ ஜெயிச்சா போதும். நான் கேட்டேன், அப்ப நீ ஒடைக்கற கும்பலுக்கே போயிடேன்டான்னு. ரெண்டையும் மாத்தி மாத்தி செய்யணுமாம்.

துப்பாக்கி சண்டைன்னா அந்தக் காலத்துலருந்து புஸ்தகம் இருக்குது, எப்ப சுடணும், எப்ப சுடக் கூடாதுன்னு. இதுக்கு முன்னாடி யாரும் பாடம் எழுதி வெக்கல பாரு. இவுங்களா எழுதி, அடிச்சு, திரும்ப எழுதி. நம்ம ஊரு கரண்ட எதிரி நிறுத்துனா நாம அவன் ஊரு கரண்ட நிறுத்தலாமா, அங்க ஆஸ்பத்திரியில ஒரு கொழந்த கரண்ட நம்பிக்கினு படுத்திருந்தா அதுக்கு இன்னா செய்யறது, அப்படின்னெல்லாம் மணிக்கணக்கா பேசுவாங்களாம்.

நான் கேட்டேன் அவன, கம்ப்யூட்டர்ல இன்னாடா சண்ட, ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்காம இன்னாத்த கிழிக்கறீங்கன்னு. அவன் பன்னிக் காவல வெச்சு சொன்னான். எங்க காட்டுல சாமை கதிரு முத்துனா பன்னி வந்துடும். பரண் கட்டி மேல ஒக்காந்துக்கினு தகரத்தத் தட்டுவோம், வேலி கட்டுவோம். ஆனா அது வரட்டும்னு காத்துக்கினே இருந்தா ஒரு பக்கம் கதிரு காலியாயிடும். அதுக்குத்தான் பன்னி எங்க படுக்குது, எந்தத் தடத்துல எறங்குதுன்னு முன்னாடியே போயி பாத்து வெச்சுக்கறது. நாங்க செய்யறதும் அதாம்மா, இப்ப எல்லா பெரிய நாடும் அப்படித்தான் செய்யுதுன்னான். நான் வுடல. அது படுக்கற எடம் அடுத்தவன் காடா இருந்தா? நீ பாக்கத்தான் போறன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? உன் கால்தடத்தப் பாத்துட்டு திருட வந்தான்னு கொடுவாளத் தூக்கிக்கினு வர மாட்டானா? அதுக்கு அவன் சிரிச்சான் பாரு. பெரிய பெரிய சாருங்களே அதத்தாம்மா வருசக்கணக்கா பேசிக்கினு இருக்காங்க, உனக்கு முடிவு தெரிஞ்சா எனக்கு சொல்லியனுப்புன்னான். அவன் எங்கிட்ட வாய்விட்டு சிரிச்சது அதுதான் கடசி.

எந்த ஊரா? டெல்லி. டெல்லின்னு எழுதிக்கோ. ரூமு எப்பவும் சில்லுன்னு இருக்குமாம், சித்திர மாசத்துலயும் ஸ்வெட்டரப் போட்டுக்கினு ஒக்காந்திருப்பானாம். சன்னல் கெடயாது. மழ பேஞ்சுதாடான்னு கேட்டா, தெரியலம்மா வெளிய போயிதான் பாக்கணும்பான். போன உள்ள எடுத்துக்கினு போவக் கூடாது, வாசல்லயே பொட்டியில போட்டுப் பூட்டிட்டுப் போவணும். கண்ணாடி போட்டுக்கினான். எங்க வம்சத்துல யாரும் கண்ணாடி போட்டதில்ல, பாறையில நின்னுக்கினு எதிர்மலையில மேயற ஆட்ட எண்ணுவோம்.

போட்டோவா? போட்டோ எங்கிட்ட இல்ல கண்ணு. இருந்ததெல்லாம் அழிச்சிட்டுப் போயிட்டான். அது ஒரு பெரிய கத. எங்க அண்ணன் பண்ண வேல.

பூமாலைன்னு, என் கூடப் பொறந்தவரு. கட்சி, காண்ட்ராக்டுன்னு கச்சிராயபாளையத்துக்கும் மலைக்கும் அலஞ்சுக்கினு இருப்பாரு. இவன்மேல உசுரு அவருக்கு. மலையில பொறந்த புள்ள டெல்லியில கம்ப்யூட்டர் படையில இருக்குதுன்னா சும்மாவா? அந்த வருசம் இவன் லீவுல வரான்னு தெரிஞ்சதும், எங்கிட்டகூட சொல்லாம பிளெக்ஸ் அடிச்சிட்டாரு. நம்ம ஊர்லதான் காது குத்துனா பிளெக்ஸு, மஞ்சத்தண்ணி ஊத்துனா பிளெக்ஸு, செத்தா பிளெக்ஸு, இதுக்கு அடிக்க மாட்டாங்களா? கச்சிராயபாளையத்துல ஒண்ணு, வெள்ளிமல பஸ் நிக்கற எடத்துல ஒண்ணு. பஸ்ஸு ஒசரத்துக்கு இருக்குதும்மா. நடுவுல எம்பையன் யூனிபாரத்துல நிக்கறான், பின்னாடி ஒரு புலி, தலைக்கு மேல ரெண்டு ஏரோபிளேனு, கையில ஒரு கம்ப்யூட்டரு. எதிரியின் கணினியைக் கதறவிடும் எங்கள் மலையின் மைந்தனே, வருக வருகன்னு போட்டு, அவன் பேரு, படிச்ச படிப்பு, எந்தப் படையில எந்தப் பிரிவுல இருக்கான் எல்லாத்தையும் தெளிவா எழுதி, கீழ அண்ணன், அண்ணி, மச்சான், பெரியப்பா, சின்னப்பா மூஞ்சியெல்லாம் வட்டம் வட்டமா. நான்கூட இருக்கேன் ஒரு வட்டத்துல. வாயி மூடுன மாதிரி இருந்த ஒரே போட்டோ அதுதான்னு எங்க அண்ணி கிண்டல் பண்ணா.

பஸ்ஸுல இருந்து எறங்குனான். மோளம் அடிச்சாங்க. அவன் அந்த பிளெக்ஸ நிமிந்து பாத்தான். மூஞ்சில ரத்தமே இல்ல. பைய கீழ போட்டுட்டு பிளெக்ஸ் கட்டியிருந்த சவுக்குக் கம்பத்துல ஏறி, அவன் கையாலயே கிழிச்சான். மூஞ்ச மொதல்ல கிழிச்சான், அப்பால பேர கிழிச்சான். ஊரே பாத்துக்கினு நிக்குது. எங்க அண்ணன் மால கையோட நிக்கறாரு. இன்னா பிரயோசனம்? அதுக்குள்ள ஊர்ப் பசங்க எல்லாம் படம் புடிச்சு ஸ்டேட்டஸ்ல வெச்சிட்டாங்க. லீவு முடிஞ்சு அவன் போறதுக்குள்ள அது அவங்க ஆபீசுக்குப் போயிடுச்சு. பெரிய ஸ்கிரீன்ல அந்த பிளெக்ஸப் போட்டுக் காட்டி, புலிய சுட்டிக்காட்டி, இதாரு உன் பெரியப்பாவான்னு கேட்டாராம் ஆபீசரு. கூட இருந்தவங்கல்லாம் சிரிச்சிருக்காங்க. ஒரு எச்சரிக்க குடுத்து வுட்டாங்க. உன் வூட்டுப் பக்கத்துலருந்து இன்னொரு தடவ எதனா வெளிய வந்துதுன்னா உன்ன இங்கருந்து எடுத்து சாதாரண பட்டாளத்துல போட்டுடுவோம், வூட்டாளுங்க வாயக் கட்ட முடியாதவனுக்கு இங்க வேல இல்லன்னுட்டாங்களாம். போன்ல அதச் சொல்லச்சொல்ல அழுதான். எங்கிட்ட அவன் அழுது அப்பதான் கேட்டேன்.

அன்னியோட எங்க அண்ணன் வூட்டு வழி நின்னுபோச்சு. ஆசையா செஞ்சத ஊரு பாக்க கிழிச்சிட்டான்னு அவருக்கு. அவரு எடத்துல இருந்தா நானும் அப்படித்தான் நெனைப்பேன். வழியில பாத்தா ரெண்டு பேரும் ஆட்டப் பாக்கற மாதிரி போயிடறோம். ஊர்ல யாராவது புள்ள எப்படி இருக்கான்னு கேட்டா, இருக்கான், ஆபீஸ் வேலன்னு சொல்லிட்டு நவுந்துடுவேன். அதுக்கு மேல கேட்டா சிரிப்பேன். கொஞ்ச நாள்ல வெள்ளச்சிக்கு திமிரு வந்துடுச்சு, புள்ள டெல்லிக்குப் போனதும் நம்மகிட்ட பேச மாட்றான்னு ஆயிடுச்சு. இப்ப யாரும் கேக்கறதே இல்ல. பெத்த புள்ளையப் பத்தி நாலு வார்த்த பேச முடியலன்னா ஒரு பொம்பள வேற இன்னாத்தம்மா பேசுவா? பொண்ணு பாக்கலாம்னு ஒரு எடத்துக்குப் போனேன். எங்க மலையில பொண்ணு வூட்டுக்கு நாங்கதான் பரிசம் குடுக்கணும், அதனால அவுங்க தலைய நிமித்திக்கினு கேள்வி கேப்பாங்க. பையன் இன்னா வேல, எங்க இருக்கான், போட்டோ எங்கன்னு கேட்டாங்க. வேல சொல்லக் கூடாது, எடம் தெரியாது, போட்டோ இல்லன்னேன். மெய்யாலும் உனக்கு ஒரு புள்ள இருக்கானான்னு கேட்டுட்டாரு பொண்ணோட அப்பா. சிரிக்கற இல்ல? நானும் அங்க சிரிச்சிட்டுத்தான் வந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

அவங்கப்பாவா? இல்லமா. போயிட்டாரு. மாதன்னு பேரு. காப்பித் தோட்டத்துல இருந்து இருமிக்கினே வந்தாரு, அப்பால எழுந்திருக்கல. எதனா ஒண்ணுன்னா கூப்புடச் சொல்லி எம்பையன் ஒரு நம்பர் குடுத்திருந்தான். அன்னிக்கு காலையில இதே பாறைக்கு ஓடியாந்து அந்த நம்பருக்குப் போட்டேன். எடுத்தவரு இந்தியில பேசறாரு. எனக்கு இந்தி ஏது? வெற்றிசெல்வன் அப்பா செத்துட்டாருங்க, மாதன் செத்துட்டாருங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன். அவரு அச்சா அச்சான்னாரு. மரியாதையான மனுசன்தான், பாவம், அவருக்கு என் பாஷ தெரியல, எனக்கு அவரு பாஷ தெரியல. அங்க பெரிய ப்ராக்டீஸு நடந்துக்கினு இருந்துச்சாம், உள்ள போனவங்க வெளிய வரல, போனெல்லாம் பொட்டியில. சேதி போயி, அவன் கெளம்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. என் நாத்தனா மவன்தான் வாய்க்கரிசி போட்டான். இவன் வந்து மண்ணு மேட்டாண்ட நின்னான். காஞ்சுபோன மண்ணு. அழுவகூட இல்ல. மொகத்த பாக்கலையேம்மான்னு ஒரு தடவ சொன்னான், அவ்ளோதான்.

எங்க ஊர்லயே இன்னொரு புள்ள இருக்கான், குஞ்சம்மா பையன், பிரவீன்குமாரு. அவனும் மிலிட்டரிதான். சாதாரண சிப்பாயி. பனி மலையில நிக்கறான், கஷ்டம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஞாயித்துக்கெழமைன்னா வீடியோ கால் போட்டுடுவான். குஞ்சம்மா இதே பாறைக்குத்தான் வருவா. டேய் மூக்கெல்லாம் செவந்திருக்குதுடா, தலையில துணிய கட்டுடான்னு கத்துவா. அவன் பக்கத்துல இருக்கறவனையெல்லாம் காட்டுவான், அவனுங்களும் அம்மா வணக்கம்னு சொல்லுவானுங்க. வருசா வருசம் லீவுல வரான், வந்தா ஊரையே ரெண்டு பண்றான். நான் அந்தப் பக்கம் திரும்பி ஆட்டப் பாத்துக்கினு ஒக்காந்திருப்பேன். பொறாமதான். சொல்றதுல இன்னா வெக்கம்?

எம்பையன் போன தடவ வந்தப்ப சோத்துல கைய வெச்சிருக்கான். பகல்ல. கரண்ட் போச்சு. எங்க மலையில கரண்ட் போவறது அதிசயமா? காத்தடிச்சா போவும், கெள விழுந்தா போவும், ஆந்த ஒக்காந்தா போவும். அவன் தட்டத் தள்ளிவுட்டு எழுந்து வாசலுக்கு ஓடிட்டான். எதிர்மலையில இருக்குதா, கீழ இருக்குதா, எத்தினி மணிக்குப் போச்சுன்னு பதறிக்கினு கேக்கறான். டேய், பலாமரக் கெள கம்பியில விழுந்துடுச்சுடா, அவ்ளோதான், வந்து சாப்புடுன்னேன். எங்களுக்கு எதுவுமே அவ்ளோதான் கெடயாதும்மான்னான். அந்தப் புள்ள தூங்கல. லீவு பூரா சரியா தூங்கல. அங்க யாரு எந்தப் பக்கம் ஜெயிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது கண்ணு. என் வூட்டுக்குள்ள ஒருத்தன் தோத்துக்கினு இருக்கறது எனக்குத் தெரியும்.

இன்னாது? போதுமா? நீ கேட்டதுல பாதிக்கு நான் இன்னும் பதிலே சொல்லலையேமா. லீவு எப்பன்னு கேட்டியே, கூட வேல செய்யறவங்க பேரு கேட்டியே. வேணாமா? இன்னாத்துக்கு இப்ப இவ்ளோ மெதுவா பேசற? பக்கத்துல யாராவது இருக்காங்களா? கட் பண்ணிடுங்கம்மா, இனிமே யார் கேட்டாலும் இப்படி சொல்லாதீங்கம்மாவா? தோ, நீயே சொல்ற பாரு. எதிரி நாட்டுக்காரியா இருந்தா போதும்னு சொல்லுவாளா? மடி வத்தற வரைக்கும் கறப்பா. நல்ல பொண்ணும்மா நீ. உங்கம்மா குடுத்து வெச்சவ.

எனக்கு உன்னத் தெரியும் கண்ணு. உன்னன்னா உன்ன இல்ல, உங்க ஆளுங்கள. போன தடவ ஒரு ஆம்பள பேசுனாரு. பேங்குல இருந்து பேசறேன், வெற்றிசெல்வன் இப்ப எங்க இருக்காருன்னு ஆரம்பிச்சாரு. தெரியாதுங்கன்னு சொல்லிட்டு டக்குன்னு கட் பண்ணிட்டேன், எம்பையன் சொன்ன மாதிரியே. அந்த வாரம் அவன் பேசுனான். குஷியா பேசுனான். அம்மா சூப்பர்மா, நீ பாஸுன்னான். நான் எங்கடா பரீட்ச எழுதுனேன்னு கேட்டேன். சட்டுன்னு வாய மூடிக்கினான், ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லன்னு பேச்ச மாத்துனான். எனக்கு ரெண்டு நாளு கழிச்சுதான் வெளங்குச்சு. பகையாளிதான் கூப்புடணும்னு இல்ல, அவன் ஆபீஸ்காரங்களே ஆளு வெச்சுக் கூப்ட்டு வூட்டாளுங்க வாயி எப்படி இருக்குதுன்னு பாக்கறாங்க. அம்மா பாஸ் பண்ணிட்டா, இவன நம்பலாம்னு இன்னும் உள்ள இழுத்துக்கினாங்க. வாராவாரம் பேசிக்கினு இருந்தவன் அதுக்கப்பால மாசத்துக்கு ஒருக்கா ஆயிட்டான். இப்ப அதுவும் இல்ல. அன்னிக்கு வாய மூடிக்கினு நானே என் புள்ளைய அனுப்பிவுட்டுட்டேன்.

அதுலருந்து தெனம் இந்தப் பாறைக்கு வந்துடறேன். ஆட்டுக்கு மேச்சலு கீழதான் நல்லா இருக்குது, இங்க இன்னா இருக்குது, கல்லும் முள்ளும். அவன் கூப்புடுவான்னு ஒக்காந்திருக்கலம்மா. நீ கூப்புடுவன்னுதான் ஒக்காந்திருந்தேன்.

ரெக்கார்டு ஆயிருக்கும் இல்ல, எல்லாம்? அத அழிச்சிடாத. பாவம் தனியாளு, தெரியாம பேசிட்டான்னு எரக்கப்பட்டு கம்மி பண்ணி எழுதிடாத. நாட்டுக்கு நான் ஒரு கெடுதலும் பண்ணல. டெல்லின்னு சொன்னது நான் ஊருக்கு சொல்றது, அவன் எந்த ஊர்ல இருக்கான்னு பெத்தவ எனக்கே தெரியாது. மத்ததெல்லாம் பேப்பர்ல வந்தது, பன்னி கத, சில்லுன்னு ஒரு ரூமு. வேற எவன் கேட்டிருந்தாலும் அவனுக்கு ஒரு பிடி சாமைகூட தேறாது. ஆனா பேசுனேன் இல்ல? கட் பண்ணாம இவ்ளோ நேரம் பேசுனேன் இல்ல? வேணும்னே பேசுனாளா, வெகுளியா பேசுனாளான்னு நீ கொழப்பிக்காத. வேணும்னே பேசறவ இன்னும் மோசம். இவன் அம்மாவ நம்பறதுக்கில்லன்னு எழுதிக் குடு. அங்கருந்து எடுத்து எதனா ஒரு பட்டாளத்துல, எந்தப் பனியில வேணும்னாலும் போடட்டும்.

தெரியும்மா, எனக்கும் தெரியும். ஓடி ஓடி சேந்தது அவன். படிச்சு படிச்சு கண்ணு போனது அவனுக்கு. அம்மாவே ஒரு போன்ல ஒடச்சிட்டாளேன்னு கோவம் வரும். பேச மாட்டேன்பான், மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்பான். கோவப்படட்டும் கண்ணு. வூட்டுக்கு வந்து, என் எதுக்க நின்னு கத்தட்டும்.